தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி கோரியை விற்றால் நம்பாதீர்கள்

கடைகளில் கோரி என்று சொல்கிற கோரிடோராஸ், தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த ஒரு சின்னக் கெளுத்தி. நன்றாக வளர்ந்தாலும் விரல் நீளம்தான் வரும். மீசையை மண்ணில் தட்டித் தட்டி நாள் முழுக்கத் தொட்டியின் அடியில் எதையாவது தேடிக்கொண்டே திரியும். விலையும் குறைவு, சண்டை போடாது, எல்லா மீனோடும் சேர்ந்து இருக்கும் என்பதால் புதிதாகத் தொட்டி வைக்கிற யாருக்கும் இதைத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்த மீனோடு நான் பட்ட பாட்டில் இதுவரை பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது, அதில் ஒரு பகுதி தேவையே இல்லாத மருந்துக்கும் செத்துப்போன மீன்களுக்கும் போன காசு. காசு போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க, யாரைக் கேட்பது, என்ன செய்வது என்று தெரியாமல் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளை மறக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால் "மீன்தானே, வேற வாங்கிக்கலாம்" என்பார்கள். அந்த நிலைமை இன்னொருவருக்கு வர வேண்டாம் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் ரெண்டடித் தொட்டியில் அப்போது நியான் டெட்ராவும் சில கப்பியும் இருந்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது, ஆனால் கலர் கல்லின் மேல் பழுப்பாகக் கழிவு படிந்துகொண்டே இருந்தது. சென்னை கொளத்தூரில் வழக்கமாக வாங்கும் கடைப் பையனிடம் சொன்னேன். "ரெண்டு கோரி போடுங்கக்கா, கீழ விழுறதெல்லாம் அதுவே தின்னு கிளீன் பண்ணிடும், தனியா தீனி கூடப் போட வேணாம்" என்றான். பழுப்பு உடம்பில் கறுப்புப் புள்ளிகள் போட்ட பெப்பர்டு கோரி, ஜோடி நூற்றைம்பது ரூபாய். நான் மட்டுமில்லை, விசாரித்துப் பார்த்தால் தெரிந்த எல்லோரும் இதே வாக்கியத்தை நம்பித்தான் கோரி வாங்கியிருக்கிறார்கள். சக்கர் மீனையும் இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள், அது ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டியையே நாறடிக்கும் என்பதைச் சொல்வதில்லை.

எந்த மீனும் இன்னொரு மீனின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யாது. கோரி அடியில் கிளறுவது புழு, பூச்சி, தீனித் துணுக்கு இதற்காக. அதுவும் தின்கிறது, அதுவும் கழிக்கிறது, அவ்வளவுதான். என் தொட்டியில் போட்ட செதில் தீனி மேலேயே டெட்ராவுக்கும் கப்பிக்கும் தீர்ந்துவிடும், அடிக்கு ஒன்றும் போகாது. இரண்டு மீனும் பில்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வெளியே வரவே இல்லை. கடையில் கேட்டபோது "கூச்ச சுபாவம், பழகிடும்" என்றார்கள். கொஞ்ச நாளில் ஒன்றின் வயிறு உள்வாங்கிவிட்டது. கோரியை முன்பக்கக் கண்ணாடி வழியாக, அது நம்மைப் பார்த்து நிற்கும்போது கவனித்தால் வயிறு தட்டையாகவோ லேசாக உருண்டோ இருக்க வேண்டும், பள்ளமாக இருந்தால் பட்டினி. அது பட்டினியில்தான் செத்தது. மற்றதும் தனியாக ரொம்ப நாள் நிற்கவில்லை.

இதில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. ஒன்று தீனி. மூழ்கும் பெல்லட் அல்லது வேஃபர் தனியாக வாங்கி, விளக்கை அணைத்த பிறகு போட வேண்டும், அப்போதுதான் மற்ற மீன்கள் மேலே அடங்கியிருக்கும், கோரி மீசையால் தடவியே இருட்டில் கண்டுபிடித்துத் தின்றுவிடும். வாரத்தில் ஓரிரு முறை உறைந்த பிளட்வார்ம் புழு கொடுத்தால் உடம்பு தேறும். உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் கொடுப்பதில்லை, அது சாக்கடை ஓரத்துச் சேற்றில் வருவது, நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். இன்னொன்று கூட்டம். கோரி கூட்டமாக வாழ்கிற மீன், குறைந்தது ஆறாவது வேண்டும், அதுவும் ஒரே வகையில் ஆறு. இதில் ரெண்டு, அதில் ரெண்டு என்று கலந்து வாங்கினால் கணக்கு ஆறு வரும், கூட்டம் ஆகாது. ஆறு இருக்கும்போது அதன் நடத்தையே வேறு. பட்டப்பகலில் வெளியே வந்து வரிசையாகத் தரையை மேயும், ஒன்று கிளம்பினால் எல்லாம் கிளம்பும், ஒன்று படுத்தால் பக்கத்திலேயே வந்து படுக்கும். கூச்சம் என்று கடையில் சொன்னது கூச்சமே இல்லை, பயம்.

இதையெல்லாம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டு, ஒரே வகையில் மொத்தமாக வாங்குவோம் என்று அதே பெப்பர்டில் எட்டு வாங்கினேன். நல்ல வெயில் நேரம். பையன் வலையை விட்டுத் துரத்தித் துரத்திப் பிடித்து எட்டையும் ஒரே கவரில் போட்டு, ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தான். ஆட்டோவில் தாம்பரம் வருவதற்குள் கவருக்குள் இருந்த தண்ணீர் லேசாகக் கலங்கி, மேலே வெள்ளையாக நுரை கட்டி உடையாமல் நின்றது. மீன்கள் தலைகீழாகச் சுழன்றன. வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தபோது ஐந்து போய்விட்டன. கடைக்குப் போன் செய்தால் "உங்க வண்டி குலுங்கியிருக்கும், இல்லைன்னா உங்க தண்ணி சரியில்லை" என்றார்கள். இன்னும் என் தண்ணீரே அதன் மேல் படவில்லை.

நடந்தது என்னவென்று அப்புறம்தான் புரிந்தது. கோரியின் மார்புத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் முன்னால் ஒரு கெட்டியான முள் உண்டு, ஆபத்து வந்தால் அதை விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொள்ளும். அந்த மார்புத் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் நச்சுச் சுரப்பி இருக்கிறது. நம் கையில் குத்தினால் கடுக்கும், பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ரொம்ப மிரண்டால் அந்த நச்சு தண்ணீரிலும் கலந்துவிடும். ஆற்றில் அது எதிரியை விரட்டும், ஓடுகிற தண்ணீரில் கரைந்து போய்விடும். அரை லிட்டர் கவருக்குள் போக வழியில்லாமல் அதன் விஷத்திலேயே அது சாகும், கூட இருப்பவற்றையும் சாகடிக்கும். நுரை கட்டுவது அதற்கு அடையாளம்.

ஆகவே கோரி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: பிடித்ததும் ஒரு பக்கெட்டில் கொஞ்ச நேரம் விட்டு, வேறு புதுத் தண்ணீரில் கவர் போடச் சொல்லுங்கள், ஒரு கவருக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள், ஆனால் செய்துகொடுப்பார்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், கவரை ஒரு துணிப்பைக்குள் இருட்டாக வைத்து எடுத்துவாருங்கள். வழியில் நுரையைப் பார்த்தால் வீட்டுக்கு வந்ததும் கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பழக்குகிற வேலையெல்லாம் வேண்டாம், உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். எப்படியானாலும் கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மெல்லிய வலையில் அந்த முள் சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள், வலையைக் கத்தரித்து விடுங்கள். நூறு ரூபாய் வலை போனால் போகிறது. நான் இப்போது வலையே போடுவதில்லை, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து வைத்து அதற்குள் ஓட்டிப் பிடிக்கிறேன்.

பிழைத்த மூன்று நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் தீனி போடும்போது உற்றுப் பார்த்தால் ஒன்றுக்கு மீசையே இல்லை. இரண்டு பக்கமும் மழித்தது போலக் குட்டையாக இருந்தது. அடுத்த வாரம் இன்னொன்றின் வயிற்றில் சிவப்புத் திட்டு. இங்கேதான் பணம் தண்ணீராய்ப் போனது. ஒரு கடையில் மஞ்சள் பொடி, இன்னொரு கடையில் நீல மருந்து, மூன்றாவது கடையில் "ஒரு கை கல்லுப்பு போடுங்க, எல்லாம் சரியாயிடும்". மருந்து போட்டால் பில்டரை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினால் தண்ணீர் கெட்டது, தண்ணீர் கெட்டதற்கு இன்னொரு மருந்து. மருந்துக்கு மட்டும் மூவாயிரம் ரூபாய் கொடுத்திருப்பேன். கோரி வகைகள் பெரும்பாலும் வருவது உப்பு குறைந்த, மென்மையான தண்ணீரிலிருந்து, சாதாரண மீன் மாதிரி செதிலும் அதற்குக் கிடையாது, உடம்பின் பக்கவாட்டில் இரண்டு வரிசை எலும்புத் தகடுதான். அதன் மேல் கண்டபடி உப்பும் மருந்தும் கொட்டுவது அதைச் சித்திரவதை செய்வதுதான்.

நோய் மருந்தில் தீராததற்குக் காரணம், நோய் இருந்தது தரையில். கலர் கல்லை ஒரு நாள் கையால் கிளறினேன், அடியிலிருந்து கறுப்பாக மேகம் எழும்பியது. கல்லுக்குக் கல் இருந்த இடைவெளியில் தீனியும் கழிவும் இறங்கி மாதக்கணக்கில் அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. டெட்ரா மேலே நீந்துகிறது, அதற்கு ஒன்றும் தெரியாது. கோரி அதன் மேல்தான் வயிற்றை வைத்துப் படுக்கிறது, அதற்குள்தான் மீசையை விடுகிறது. நம் கண் போவது தொட்டியின் நடுப்பகுதிக்கு, தண்ணீர் கண்ணாடி போல் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். கோரிக்கு நல்லது கெட்டது எல்லாம் கீழே அரை அங்குலத்தில் நடக்கிறது. கல்லின் கூர்மையும் மீசையைத் தேய்க்கும்தான், ஆனால் அந்த அழுக்கில் இருக்கும் பாக்டீரியாதான் பெரிய காரணம். அழுக்கான மணலிலும் மீசை போகும் என்பதால் மணல் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம்.

கல்லை முழுக்க அள்ளிவிட்டு மணல் போட்டேன். இதிலும் ஒரு எச்சரிக்கை: கட்டட வேலைக்கு வரும் எம் சாண்ட் வேண்டவே வேண்டாம், அது உடைத்த கருங்கல், ஒவ்வொரு துகளும் முனை முனையாக இருக்கும். உருண்டையான ஆற்று மணலோ, நீச்சல் குளப் பில்டருக்குப் போடும் சிலிக்கா மணலோ, ரவை பருமனில் இருந்தால் போதும். கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதில் சிப்பியோ சுண்ணாம்போ இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், கை கடுத்துப்போகும், பரவாயில்லை. ஒரு அங்குலத்துக்குமேல் போடாதீர்கள், ஆழமானால் அடியில் மறுபடி அழுகும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது குழாயை மணலுக்குச் சற்று மேலே பிடித்து அழுக்கை மட்டும் உறிஞ்சிவிடலாம்.

மணல் போட்ட அன்று சாயங்காலம் மிஞ்சியிருந்த இரண்டும் செய்ததை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கண்வரை முகத்தை மணலுக்குள் புதைத்து ஒரு வாய் அள்ளுகிறது, மென்று, இரண்டு செவுள் வழியாகவும் மணலை மெல்லிய தூசாக வெளியே விடுகிறது, தின்ன வேண்டியது மட்டும் உள்ளே நிற்கிறது. அதன் பின்னாலேயே சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக. இவ்வளவு நாளும் இதைச் செய்யவே முடியாத கல்லின் மேல் வைத்திருந்தோமே என்று மனசு கனத்துவிட்டது. மீசை சில மாதத்தில் ஓரளவு திரும்ப வளர்ந்தது. அடிவரை அரித்துப்போயிருந்தால் வளராது என்கிறார்கள், ஆகவே குட்டையாகத் தொடங்கும்போதே கவனியுங்கள்.

தண்ணீர்ச் சோதனையையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதிக்கும் சொட்டு மருந்துக் கிட் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, முதலில் வாங்க மனசு வராது. மருந்துக்குப் போன காசில் இரண்டு கிட் வாங்கியிருக்கலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், புதுத் தொட்டி அந்த நிலைக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை கோரி வேண்டாம். நம் ஊர்ப் போர் தண்ணீர் பெரும்பாலும் பி.எச்., அதாவது காரத்தன்மை, கூடியது, பி.எச். கூடக் கூட, வெப்பம் கூடக் கூட, அதே அளவு அமோனியாவின் விஷம் அதிகமாகும். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரினைப் போக்கும் ஆன்டி குளோரின் விடாமல் ஊற்றக் கூடாது. பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினாலும் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

கூட்டத்தைத் திரும்ப எட்டாக்கி, இனி பிரச்சினை இல்லை என்று இருந்த நேரத்தில் மே மாதம் வந்தது. ஹாலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. கோரி எப்போதாவது சட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போவது இயல்பு, அந்தக் காற்றிலிருந்து அது குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே எப்போதும் காற்று இடைவெளி விட வேண்டும். ஆனால் அன்று எட்டும் மாறி மாறி மேலே ஓடிக்கொண்டே இருந்தன. ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. பில்டரும் ஏர் பம்ப்பும் நின்றன. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான், அதுவும் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தால். ஒரு சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்தால் மேலே வருவது கூடும், ஊற்றினால் குறையும். விடியும்போது கரண்ட் வந்தது, மூன்று மீன் இல்லை.

அதற்கப்புறம்தான் நான் வாங்கிய மீன் எந்த ஊர் மீன் என்று பார்த்தேன். பெப்பர்டு கோரி அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கத்து மீன். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்து வந்த மீன்களில் இதுவும் ஒன்று, 1842இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். அங்கே குளிர்காலம் உண்டு, தண்ணீர் 20 முதல் 25 டிகிரியில் இருப்பதுதான் அதற்குச் சுகம். சென்னையில் ஏசி இல்லாத ஹாலில் அதைக் கோடை தாண்ட வைப்பது பெரும்பாடு. பாண்டா கோரியும் குளிர்ந்த தண்ணீர் கேட்பதுதான், பார்க்க அழகாக இருக்கிறதே என்று நம் வெயிலுக்கு வாங்கி வதைக்க வேண்டாம். சூட்டை ஓரளவு தாங்குவது ஸ்டெர்பாய் கோரி, 28 டிகிரியில்கூடச் சுகமாக இருக்கும், ஆனால் ஒன்றே முந்நூறு ரூபாய்க்கு மேல். வெண்கல நிறத்துப் பிரான்ஸ் (Bronze) கோரியும் அதன் வெள்ளை வகையான அல்பினோவும் இரண்டுக்கும் நடுவில், விலையும் குறைவு, நம் ஊரில் முதல் முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். மீதியிருந்த பெப்பர்டை ஊட்டியில் தொட்டி வைத்திருக்கும் ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டு பிரான்ஸ் கோரிக்கு மாறினேன்.

கோடைக்கு நான் இப்போது செய்வது: மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, ஒரு சின்ன மேசை மின்விசிறியைத் தண்ணீர் மேல் வீசுகிற மாதிரி வைக்கிறேன், ஒன்றிரண்டு டிகிரி இறங்குகிறது, புழுக்கமான நாளில் அதைவிடக் குறைவு. குறைகிற தண்ணீரை நாளும் நிரப்ப வேண்டும். ஐஸ் பாட்டில் போட்டால் சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறும், அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிட மோசம். கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் எண்ணூறு ரூபாய் சொன்னார்கள், மறு பேச்சில்லாமல் வாங்கினேன். மீன் வாங்கும் முன்பே வாங்க வேண்டிய சாமான் அது. சூடான நாட்களில் தீனியைப் பாதியாக்கிவிடுகிறேன்.

இப்போது அதே ரெண்டடித் தொட்டியில் எட்டு பிரான்ஸ் கோரி இருக்கின்றன. ஐப்பசியில் மழை பிடித்து, வாரத் தண்ணீர் மாற்றும்போது ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருந்திருக்கிறது போல, மறுநாள் காலையில் பெண் மீன் வயிற்றுத் துடுப்பு இரண்டையும் சேர்த்துக் கை போலக் குவித்து, அதற்குள் முட்டையை வைத்துக்கொண்டு கண்ணாடியில் இடம் தேடிக்கொண்டிருந்தது. முதலில் வாயால் கண்ணாடியைத் தடவிச் சுத்தம் செய்கிறது, அப்புறம் வயிற்றை அழுத்தி ஒட்டிவிட்டு அடுத்த முட்டைக்குப் போகிறது. இட்ட முட்டையைத் தாய் தகப்பனே தின்றுவிடும், ஆகவே விரலால் மெதுவாக உருட்டி எடுத்து காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்ட டப்பாவில் வைத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டேன். வெள்ளையாக மாறுகிற முட்டையை எடுத்துப் போட்டுவிட வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து நாளில் பொரிந்துவிடும், குஞ்சு ஓரிரு நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருப் பையை வைத்தே ஓட்டும், அப்புறம் மைக்ரோ வார்ம் என்கிற நுண்புழுவோ புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலோ வேண்டும். பாதிக்கு மேல் குஞ்சுகள் பிழைத்து நின்றன.

கடைக்குப் போகும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடைத் தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து வாங்காதீர்கள், ஒரே பில்டரில் எல்லாத் தொட்டியும் இணைந்திருந்தால் அந்தக் கடையிலேயே வேண்டாம். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பும்வரை காத்திருந்து மீசையெல்லாம் முழுசாக இருக்கிறதா, வயிறு உள்வாங்காமல், சிவக்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தீனி போடச் சொல்லி, தின்கிறதா பாருங்கள். எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள், நேற்று வந்தது என்றால் பத்து நாள் கழித்து வாருங்கள், அதற்குள் சாகிறது கடையிலேயே செத்திருக்கும். வாங்கி வந்ததை நேரே பெரிய தொட்டியில் விடாமல், பழைய பில்டர் ஸ்பாஞ்ச் போட்ட தனித் தொட்டியில் மூன்று வாரமாவது வைத்திருங்கள். அதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும், முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.